சேலம் பட்டறையில் ஒரு எம்ஜி ஜே2: எந்த எஞ்சின் இந்தக் காருடையது?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் மூன்று தலைமுறையாக இருக்கும் கார் இது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான எம்ஜி-யின் ஜே2 மாடல், 1933-ல் இங்கிலாந்தின் அபிங்டனில் கட்டியது. இரண்டு பேர் உட்காரலாம். முழங்கை வெளியே வருகிற மாதிரி கதவு வெட்டி விட்டிருக்கும், பெட்ரோல் டாங்க் பின்னால் வெளியே தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயங்களில் ஓடியிருக்கிறது. அப்புறம் பல வருடம் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்துவிட்டு, இப்போது சூரமங்கலம் பக்கம் ஒரு பட்டறைக்கு வந்திருக்கிறது.

வண்டியில் இருந்தது எம்ஜி எஞ்சின் இல்லை, ஃபியட் 1100. குடும்பத்தின் இளையவர்கள் ஜே2-வுக்கென்றே பிரிட்டனில் புதிதாகச் செய்த எஞ்சினை உதிரிகளாக வரவழைத்துவிட்டார்கள். பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்), அதை மேலே மூடும் ஹெட், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு எல்லாம் புதுசு. அதைப் பூட்டிவிட்டு, வண்டியின் தகட்டில் இருக்கும் 1933-ம் வருட எஞ்சின் எண்ணைப் புது பிளாக்கில் அடித்துவிடலாம் என்று ஏற்பாடு. பூட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்ததையும் சொன்னதையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் வண்டி எண்களையும் மட்டும் விட்டிருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகச் செய்த எஞ்சின் என்பதற்காக ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. வந்திருக்கும் எஞ்சின் நல்ல வேலைப்பாடு, ஜே2 என்கிற மாடலுக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் இந்த ஒரு குறிப்பிட்ட ஜே2-வின் பந்தய வாழ்க்கை ஃபியட் எஞ்சினோடு நடந்தது. பந்தயக் கார் என்று சொல்லி இதை மீட்டெடுப்பதானால் ஃபியட் எஞ்சின்தான் இதன் எஞ்சின். பழைய எண்ணைப் புது இரும்பில் அடிப்பதற்கோ எந்தக் காரணத்தாலும் நான் உடன்பட மாட்டேன்.

எஞ்சின் மாறியது எப்போது

இது தெரியாமல் மேலே ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. எண்பதுகளில் ஏதோ ஒரு மெக்கானிக் கைக்குக் கிடைத்த ஃபியட் எஞ்சினைத் திணித்திருந்தால் கதை வேறு. நம் ஊரில் அப்படி ஆன பழைய கார்கள் ஏராளம். ஆஸ்டினுக்குள் அம்பாசடர் எஞ்சின், ஜீப்புக்குள் டீசல் எஞ்சின் என்று பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி மாற்றத்தைக் கழற்றி எறிவதில் எனக்கு வருத்தம் இருக்காது.

முதல் சாட்சி பழைய ஆர்.சி. புத்தகம். எஞ்சின் எண் என்ற இடத்தில் முதலில் எழுதிய எண்ணைச் சிவப்பு மையில் அடித்து, மேலே ஃபியட் எண்ணை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் போட்டிருக்கிறார்கள். தேதி 1958. அந்த எண்ணும் பிளாக்கில் இருக்கும் எண்ணும் ஒன்றேதான்.

இரண்டாவது சாட்சி ஒரு புகைப்படம். சோழவரம் ஓடுதளத்தின் கான்கிரீட் தரை, பானெட்டைக் கழற்றி வைத்த கார், பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர். ஜே2 எஞ்சின் என்றால் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர் இருக்க வேண்டும், முன்னால் மின்சாரம் தரும் டைனமோ செங்குத்தாக நிற்க வேண்டும். படத்தில் இரண்டும் இல்லை. ஒற்றை கார்புரேட்டரும் ஃபியட்டின் ராக்கர் கவரும் (எஞ்சினின் மேல் மூடி) தெளிவாகத் தெரிகின்றன.

மூன்றாவதுதான் எனக்கு அதிக நம்பிக்கை தந்தது. ஃபியட் எஞ்சினைத் தாங்குவதற்காக சேஸிஸில் இரண்டு பிராக்கெட் வெல்டு செய்திருக்கிறார்கள். கேஸ் வெல்டிங், நிதானமான கை, அலை அலையாக ஒரே அளவில் போயிருக்கிறது. பிராக்கெட் ஓரத்தில் பெயின்ட்டை நகத்தளவு இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தோம். மேலே கறுப்பு, அடுத்து சாம்பல், அதற்கும் கீழே பச்சை. அந்தப் பச்சை சேஸிஸிலிருந்து பிராக்கெட்டின் மேல் இடைவெளி இல்லாமல் ஏறிப் போகிறது. பாடியின் உள்பக்கம், சீட்டுக்கு அடியில், பந்தய எண் எழுதிய பழைய தகரத்தில் இருப்பதும் அதே பச்சைதான். ஆகவே பிராக்கெட் வைத்த பிறகுதான் பந்தயத்துக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

ஏன் மாற்றினார்கள்

ஜே2-வின் எஞ்சின் 847 சிசி. போர் (சிலிண்டரின் விட்டம்) 57 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 83 மி.மீ. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மேலே, ஹெட்டில். அதை ஓட்டும் செங்குத்துத் தண்டாக டைனமோவுக்குள் சுழலும் ஆர்மெச்சரையே வைத்திருப்பார்கள். மேலே இருந்து ஆயில் கசிந்தால் நேராக டைனமோவுக்குள் இறங்கும். அழகான எஞ்சின்தான், ஆனால் ஒரு பெரிய பலவீனம் உண்டு: நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து கிராங்கைத் தாங்கிப் பிடிக்க இரண்டே மெயின் பேரிங், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் பிடிமானம் கிடையாது. வேகமாகச் சுற்றும்போது கிராங்க் நடுவில் வளைந்து வளைந்து நிமிரும், ஒருநாள் ஒடியும். ஜே2 வைத்திருந்தவர்கள் எல்லா நாட்டிலும் அனுபவித்த தொல்லை இது. 1934-ல் வந்த பி டைப்பில் எம்ஜி-யே மூன்று பேரிங் போட்டுவிட்டது.

இந்த வண்டியின் கிராங்கும் ஒடிந்திருக்கிறது. ஒடிந்த பாதியைக் குடும்பத்தில் இன்னும் வைத்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் இறக்குமதி உரிமம் இல்லாமல் வெளிநாட்டு உதிரி எதுவும் வராது. இங்கிலாந்திலிருந்து ஒரு ஜே2 கிராங்கை வரவழைப்பது, அதுவும் இருபத்தைந்து வருடப் பழைய காருக்கு, நடக்கிற காரியம் இல்லை. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 1100-ஐக் கட்டிக்கொண்டிருந்தது. 1089 சிசி, மூன்று மெயின் பேரிங், அலுமினிய ஹெட், உதிரிக்குப் பஞ்சமில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜே2 எஞ்சினின் சக்தி 36 குதிரை, 1100-103 என்ற ஃபியட் மாடலும் 36தான். எம்ஜி அதைக் கொடுக்க 5,500 சுற்று சுற்ற வேண்டும், ஃபியட் 4,400-லேயே கொடுத்துவிடும்.

இது மலையில் எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வேகம் செத்து, மறுபடி கீழிருந்து இழுக்க வேண்டும். அந்த ரோட்டில் ஓடுகிற காருக்கு எஞ்சின் தேர்ந்தெடுத்தவருக்கு என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. குடும்பத்தின் பெரியவர் சிறுவயதில் அந்தக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மலை ஏறியவர். "செகண்ட் கியர்லயே முக்காவாசி ஏறிடுமுங்க. ரேஸ் அன்னைக்கு இங்கிருந்து ஓட்டிக்கிட்டே மெட்ராஸ் போவாங்க, ஓட்டி முடிச்சுட்டு ஓட்டிக்கிட்டே வருவாங்க" என்றார்.

இந்த ஃபியட் எஞ்சினை வெறும் குறை என்று பார்ப்பது நியாயம் இல்லை. காசும் உரிமமும் இல்லாத காலத்தில், கிடைத்ததை வைத்து நம் ஆட்கள் எப்படிப் பந்தயம் ஓட்டினார்கள் என்பதற்கு இந்த பிராக்கெட்டும் இந்த பிளாக்கும்தான் ஆதாரம். நம் நாட்டின் மோட்டார் பந்தய வரலாற்றில் பாதி இப்படிக் கட்டிய கார்கள்தான். அவற்றை ஒவ்வொன்றாகத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிக்கொண்டே போனால், கடைசியில் இங்கிலாந்தில் இருக்கும் ஜே2 போலவே இன்னொரு ஜே2 நம்மிடம் இருக்கும். சோழவரத்தில் ஓடிய கார் இருக்காது.

புது எஞ்சினைப் பார்த்தேன்

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமாக மேசையில் எடுத்து வைத்தோம். இந்த மாதிரி எஞ்சினை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய கார் வாங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் வார்ப்பு. உருகிய இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் மணலில் அச்செடுக்கும் மாதிரியை, அதாவது பேட்டர்னைச் செய்கிறவர் அந்த அளவுக்குக் கூட்டித்தான் செய்வார். ஆனால் சிலர் பழைய பிளாக்கையே மணலில் பதித்து அச்செடுத்துவிடுகிறார்கள். அப்படி வார்த்தது ஒரு சதவீதம் சிறுத்துவிடும். மெஷினில் கடைகிற இடங்களைச் சரிசெய்து ஒப்பேற்றலாம். கடையாத இடங்களில் குட்டு வெளிப்படும். வார்ப்பிலேயே வந்த எழுத்துகள், விலா மாதிரி ஓடும் ரிப்புகள், மூலையில் இருக்கும் மேடுகள் ஆகியவற்றின் இடைவெளியை வெர்னியரில் அளந்தால் நூறு மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 99 இருக்கும். இந்த பிளாக்கில் அந்தக் குறை இல்லை. அளவெடுத்துப் பேட்டர்ன் செய்து வார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது இரும்பின் குணம். முப்பதுகளில் பிளாக் என்றால் சாம்பல் வார்ப்பிரும்புதான். அதை மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிராஃபைட் செதில் செதிலாகத் தெரியும். கிராஃபைட் உருண்டையாக இருக்கும் எஸ்.ஜி. இரும்பு நாற்பதுகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. யாராவது 1933-ம் வருட பிளாக் என்று ஒன்றைக் காட்டி, அதில் உருண்டை கிராஃபைட் தெரிந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. இந்தச் சோதனைக்கு நகத்தளவு இடம் போதும், எஞ்சினை வெட்ட வேண்டியதில்லை. வார்ப்பட்டறைக்காரர்கள் தினமும் செய்வதுதான், கோயமுத்தூர் பக்கம் கேட்டால் செய்து தருவார்கள். நம் பிளாக்கில் செதில் கிராஃபைட். பழைய முறைக்கு விசுவாசமாகவே செய்திருக்கிறார்கள்.

கிராங்க் மட்டும் காலத்துக்கு ஒத்ததில்லை. மேற்பரப்பைக் கடினமாக்கும் நைட்ரைடிங் செய்த உயர்ரக ஸ்டீல், பழையதைவிடக் கனத்த வெப் (கிராங்கின் கைகள்). ராடுகளின் பேரிங்குக்கு ஒயிட் மெட்டல் என்ற மென் உலோகத்தை உருக்கி ஊற்றாமல், கழற்றி மாட்டக்கூடிய ஷெல் பேரிங் போட்டிருக்கிறார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஜே2-வைப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இப்படிப்பட்ட கிராங்கைத்தான் போடுகிறார்கள். பழைய வடிவத்தில் கிராங்க் செய்து போட்டு அது ஒடிந்தால் பிளாக்கையும் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டுகிறவர் உயிருக்கும் ஆபத்து. ஆனால் இப்படி மாற்றிய இடங்களை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் அடுத்த மெக்கானிக்குக்கும் தெரிந்தாக வேண்டும்.

பிளாக்கின் அடியில், ஆயில் தொட்டியான சம்ப் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், செய்தவர்கள் தங்கள் குறியையும் வரிசை எண்ணையும் பதித்திருக்கிறார்கள். மரியாதையான வேலை. எஞ்சினைக் கழற்றாமலே குனிந்து பார்த்தால் தெரிகிற இடம்.

எண் விவகாரம்

அந்தக் குறியை கிரைண்டரில் தேய்த்துவிட்டு, பழைய எண்ணை பஞ்ச் வைத்து அடித்தால் "மேட்சிங் நம்பர்" (தொழிற்சாலையிலிருந்து வந்த எண்கள் எல்லாம் பொருந்தும் வண்டி) ஆகிவிடும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் வெளியூர்க்காரர், பழைய கார் வாங்கி விற்பவர். அவர் கணக்கு விலைக் கணக்கு.

இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எம்ஜி வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. 1933-ல் இத்தாலியப் பந்தய வீரர் டாசியோ நுவோலாரி அயர்லாந்தின் அல்ஸ்டர் டிடி பந்தயத்தை வென்ற கே3 ரகத்தைத் தொழிற்சாலை கட்டியது மொத்தம் 33. சாதாரண எம்ஜி சேஸிஸ்களை வைத்து கே3 தோற்றத்தில் பிற்காலத்தில் கட்டியவை நிறைய. அவற்றில் நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி ஓட்டுகிறவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. எண்ணை மாற்றி அசலாக நிறுத்துகிறவர்களால்தான் உண்மையான 33-ன் வரலாறும் சந்தேகத்துக்குள்ளாகிறது. ஒரு பொய் எண் எதிர்காலத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒவ்வொருவரையும் தவறான பாதையில் அனுப்பும்.

இன்னொன்றும் இருக்கிறது. எஞ்சின் எண்ணைத் தேய்த்து வேறு எண் அடிப்பது நம் ஊரில் திருட்டு வண்டிக்காரர்கள் செய்கிற வேலை. எந்த நோக்கத்தில் செய்தாலும் போலீஸும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் அப்படித்தான் பார்க்கும். அதைச் சொன்னதும் பெரியவர் முகம் மாறிவிட்டது. "எங்கப்பா எண்ணை மாத்துனப்போ ஆபீஸ்ல போய் எழுதி வாங்கிட்டு வந்தாரு. நாம இப்ப தேய்ச்சு அடிக்கிறதா?" என்று பேரனைப் பார்த்துக் கேட்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

வெளியே என்ன சொல்கிறார்கள்

எஞ்சின் மாறினால் கார் அதே காரா என்ற கேள்விக்கு லண்டன் உயர் நீதிமன்றம் 1990-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. வழக்கில் இருந்த கார் "ஓல்ட் நம்பர் ஒன்" என்ற பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது, இரண்டு முறையும் ஓட்டியவர்களில் வுல்ஃப் பர்னாட்டோ உண்டு. 1932-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்த விபத்தின்போது அதில் இருந்தது எட்டு லிட்டர் எஞ்சின், லெ மானில் வென்ற எஞ்சின் இல்லை. விற்பதாக ஒப்பந்தம் ஆன பிறகு, இது அந்தக் காரே இல்லை என்று வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். நீதிபதி ஓட்டன் பாகம் பாகமாகப் பார்த்தார். லெ மானில் ஓடியபோது இருந்த பாகம் இதில் அனேகமாக இல்லை, ஆகவே ஒரிஜினல் என்று சொல்ல முடியாது என்றார். ஆனால் மாற்றங்கள் பந்தய வாழ்க்கையின் ஊடே, ஒன்றன்பின் ஒன்றாக, அறுபடாமல் நடந்ததால் இது அந்த ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். விற்றவர் வென்றார்.

நம் ஜே2-வுக்கு இதை வைத்துப் பார்த்தால் வழி தெளிவாகிறது. 1958-ல் நடந்த மாற்றம் காரின் ஓட்டத்துக்குள் நடந்தது, ஓடிக்கொண்டே இருப்பதற்காக நடந்தது. இப்போது செய்ய நினைக்கும் மாற்றம் ஓட்டம் நின்று எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, நடந்ததை அழிப்பதற்காக.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதே திசையில்தான் போகிறது. வாகனத்தின் வாழ்நாளில் நடந்த மாற்றங்களும் அதன் வரலாறே என்கிறது, புதிதாகப் போட்ட பாகங்களுக்கு அடையாளம் இட வேண்டும் என்கிறது. மறுபக்கம், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் வரலாற்றுப் பந்தயக் கார் பாஸ்போர்ட் கார் அந்தக் காலத்து அமைப்பில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும். இந்தக் காரின் கதை உண்மையா என்று அது சான்று தருவதில்லை. நிறையப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பந்தயத்தில் அனுமதி கிடைத்துவிட்டால் அசல் என்று ஆகிவிடாது.

நம் நாட்டு விதி கொஞ்சம் சிக்கல். 2021-ல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி விண்டேஜ் பதிவுக்கு வாகனம் 50 வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும், அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றை மாற்றுகிற பெரிய மறுவேலை நடந்திருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் ஃபியட்டும் கேள்விக்குள்ளாகும், இன்று செய்து வந்த எம்ஜி எஞ்சினும் கேள்விக்குள்ளாகும். விதி எழுதியவர்கள் பந்தயக் கார்களை நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை. பந்தயக் காருக்கு எஞ்சின் மாறுவது டயர் மாறுவது போல. குறிப்பிட்ட தேதிக்கு முன், ஆவணத்தோடு நடந்த மாற்றத்தை வரலாறாக ஏற்கும் ஒரு வரியை விதியில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த வண்டியைப் பொறுத்தவரை, ஏற்கெனவே பதிவான வாகனம் என்பதால் பழைய பதிவெண்ணையே வைத்துக்கொண்டு விண்டேஜ் பதிவுக்குக் கேட்க வழி இருக்கிறது. விண்ணப்பத்தோடு 1958-ம் வருடத் திருத்தத்தையும் புகைப்படத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

என்ன முடிவானது

பட்டறை மெக்கானிக் முதல் நாளிலிருந்து ஒரே பேச்சாக இருந்தார். "சார், ஃபியட்டைக் கழட்டிட்டா இது ரேஸ் ஓடுன வண்டி இல்லீங்க, ஷோரூம் வண்டி." குடும்பத்துக்குள் இரண்டு பக்கமும் பேசி, கடைசியில் ஃபியட் எஞ்சினையே மீட்டெடுப்பது என்று முடிவானது.

அதிலும் ஒரு சோதனை வந்தது. பிளாக்கில், மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில், ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் துளையிலிருந்து, குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட் வரை விரிசல். இந்த ஃபியட்டின் வழியில் பிற்காலத்தில் வந்த பிரீமியர் பத்மினி காரின் பிளாக் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் பிடித்துப் போட்டுவிடலாம், அப்படியே உட்காரும், விலையும் குறைவு. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண் இந்த விரிசல் விட்ட பிளாக்கில்தான் இருக்கிறது. புது எம்ஜி எஞ்சினுக்குச் சொன்ன நியாயத்தை இதற்கு மட்டும் தளர்த்த முடியாது. மெட்டல் ஸ்டிட்சிங் செய்தோம். சூடே காட்டாமல், விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளை போட்டு பூட்டுத் துண்டுகளை அறைந்து இறக்கி, விரிசல் நெடுக ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி திருகுகளை இறக்கித் தலையை வெட்டி, சுத்தியால் தட்டிச் சமன் செய்கிற வேலை. செய்தவர் லாரி எஞ்சின்களில் பழகிய கை. முடித்து அழுத்தம் ஏற்றித் தண்ணீர் விட்டுப் பார்த்ததில் ஒரு சொட்டு வரவில்லை. நான்கு போரிலும் ஸ்லீவ் என்ற உள்குழாய் இறக்கி 68 மி.மீ. அளவுக்கே திரும்பக் கொண்டுவந்தாயிற்று.

வரவழைத்த எம்ஜி எஞ்சின் வீண் போகாது. அதை ஸ்டாண்டில் பூட்டித் தனியாக ஓட்டப்போகிறார்கள். வருங்காலத்தில் யாராவது அதைக் காரில் வைத்துப் பார்க்க விரும்பினால் போல்ட்டில் பூட்டும் தனித் தாங்கி செய்துகொள்ளட்டும், 1958-ம் வருட பிராக்கெட்டில் ரம்பம் படக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். செய்தவர்களின் குறியும் வரிசை எண்ணும் அப்படியே இருக்கும். அபிங்டன் எஞ்சின் எண் தகட்டில் மட்டும்.

வண்டியோடு ஒரு பதிவேடும் போகிறது. ஒடிந்த கிராங்கின் படம், பெயின்ட் அடுக்குகளின் படம், விரிசல் தைத்த இடத்தின் வரைபடம், புது எஞ்சினில் காலத்துக்கு ஒவ்வாத பாகங்களின் பட்டியல், பெரியவர் சொன்னவற்றின் ஒலிப்பதிவு எல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டு பிரதி எடுத்து ஒன்று தோட்டத்து வீட்டிலும் ஒன்று பட்டறையிலும் வைத்திருக்கிறோம். கியர்பாக்ஸ் இன்னும் பிரிக்கவில்லை. அதுவும் ஃபியட்டுடையதுதான், மேல் மூடி மட்டும் கையால் செய்தது போலத் தெரிகிறது. அதைத் திறந்து பார்த்த பிறகுதான் பதிவேட்டின் அடுத்த பக்கத்தை எழுத முடியும்.